தோற்றவர் எங்கே போனார்?
இளையோர் சாம்பியன் பட்டமும் தொழில்முறை டென்னிஸும்: நான்கு இந்தியர்களை முன்வைத்து

1. கேள்வி

1954 விம்பிள்டன் இளையோர் ஒற்றையர் இறுதிப் போட்டியில் 17 வயது ராமநாதன் கிருஷ்ணன் ஆஸ்திரேலியாவின் ஆஷ்லி கூப்பரை வென்றார். விம்பிள்டனில் இளையோர் பட்டம் வென்ற முதல் ஆசியர் அவர். இந்தச் செய்தி நம் விளையாட்டு வரலாற்றில் பல நூறு முறை அச்சாகியிருக்கிறது. அதன் தொடர்ச்சி அவ்வளவாக அச்சாவதில்லை. நான்கே ஆண்டுகள் கழித்து, 1958இல், அன்று தோற்ற கூப்பர் அதே விம்பிள்டனில் ஆடவர் பட்டத்தை வென்றார். கிருஷ்ணன் 1960, 1961 இரு ஆண்டுகளிலும் அரையிறுதிவரை போனார், அதைத் தாண்டவில்லை.

இதுவரை கிராண்ட் ஸ்லாம் இளையோர் ஒற்றையர் பட்டம் வென்ற இந்தியர்கள் நால்வர். கிருஷ்ணனுக்குப் பின் அவர் மகன் ரமேஷ் 1979இல் பிரெஞ்சு, விம்பிள்டன் பட்டங்களை வென்றார். லியாண்டர் பயஸ் 1990இல் விம்பிள்டனையும் 1991இல் அமெரிக்க ஓப்பனையும் வென்றார். யூகி பாம்ப்ரி 2009இல் ஆஸ்திரேலிய ஓப்பனை வென்றார். ஆக நான்கு பேர், ஆறு பட்டங்கள். நால்வரில் எவரும் ஆடவர் ஒற்றையரில் கிராண்ட் ஸ்லாம் இறுதிப் போட்டியை எட்டவில்லை. ஒவ்வொரு முறையும் நாம் ஒரே ஒப்பாரியைத்தான் வைத்திருக்கிறோம்: முளையிலே தெரிந்தது, விளையாமல் போனது.

இந்த ஒப்பாரியின் அடிப்படை சரியா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. இளையோர் பட்டம் உண்மையில் எதைச் சொல்கிறது? அதை வென்ற பையனுக்கும் தொழில்முறை ஆட்டத்துக்கும் நடுவே இருந்தது என்ன? நால்வர் கதையை வைத்துப் பொது விதி எழுத முடியாது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான்கு தலைமுறையில் நான்கு பேர் நான்கு வெவ்வேறு வாசல்களில் போய் நின்றார்கள். அந்த வாசல்களை ஒப்பிட்டுப் பார்க்க நான்கு போதும்.

கட்டுரை ஆடவர் ஒற்றையரோடு நிற்கிறது. பெண்களுக்கான பாதை வேறு. வயது வரம்பு விதிகளும் உடல் முதிர்ச்சியும் அங்கே வேறு கணக்கில் ஓடுகின்றன. 2003இல் விம்பிள்டன் இளையோர் இரட்டையர் பட்டம் வென்று, 2007இல் ஒற்றையர் தரவரிசையில் 27ஆம் இடத்தைத் தொட்ட சானியா மிர்சாவைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

2. இரு வாசிப்புகள்

இளையோர் பட்டத்தைப் பற்றி இரண்டு வாசிப்புகள் புழக்கத்தில் உள்ளன. முதலாவது, அதை ஆரூடமாக வாசிப்பது. இதற்குச் சான்றாக வரிசையாகப் பெயர்கள் வரும்: போர்க் 1972, லெண்டில் 1978, எட்பர்க் 1983, ஃபெடரர் 1998. எட்பர்க் 1983இல் நான்கு இளையோர் கிராண்ட் ஸ்லாம்களையும் ஒரே ஆண்டில் வென்றவர். பிறகு உலகின் முதல் இடத்தையும் எட்டினார். பட்டியல் கண்ணைப் பறிக்கிறது. பட்டியலில் இல்லாதவர்களைத் தேடும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. விம்பிள்டன் இளையோர் போட்டி 1947இல் தொடங்கியது. அன்றிலிருந்து அதன் சாம்பியன்களில் பின்னாளில் அங்கேயே ஆடவர் ஒற்றையர் பட்டத்தையும் வென்றவர்கள் போர்க், பேட் கேஷ், எட்பர்க், ஃபெடரர் என நால்வர் மட்டுமே. மறுபக்கம் நடால், ஜோகோவிச், அல்கராஸ், சின்னர் ஆகியோரில் யாரிடமும் இளையோர் கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் பட்டம் இல்லை.

இரண்டாவது வாசிப்பு, பட்டத்தைச் சாபமாகப் பார்ப்பது. மார்க் கிராட்ஸ்மன் 1984இல் நான்கில் மூன்று இளையோர் பட்டங்களை வென்றார். ஒற்றையரில் அவர் தொட்ட உச்சம் 50. இத்தாலியின் ஜான்லூயிஜி குவின்சி 2013 விம்பிள்டன் சாம்பியன். முதல் நூறுக்குள் ஒருமுறைகூட வராமல் 2021இல், 25 வயதில், மட்டையைக் கீழே வைத்தார். சிறுவயதுப் புகழ் தலைக்கேறியது, குடும்பம் நெருக்கியது, விளம்பர நிறுவனங்கள் பிழிந்தெடுத்தன என்று இந்த வாசிப்பு காரணம் சொல்லும். படிக்கச் சுவையான வாசிப்புதான். எனக்கு இதில் நம்பிக்கை குறைவு. ஒழுக்கக் கதைக்குத் தோதான ஆட்களை மட்டும் பொறுக்கியெடுத்துக்கொள்வது இதன் வழக்கம்.

ஆய்வாளர்கள் சொல்வது இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. மாச்சர் ரீடும் அவர் கூட்டாளிகளும் 2007இல் வெளியிட்ட ஆய்வு, இளையோர் தரவரிசையில் முதல் 20 இடங்களை எட்டிய பையன்களில் 91 விழுக்காட்டினர் பின்னர் தொழில்முறைத் தரவரிசையில் இடம் பெற்றதாகக் காட்டியது. ஆரூடக் கட்சிக்கு இது வெற்றி போலத் தெரியும். ஆனால் தரவரிசையில் இடம் பெற ஒரே ஒரு புள்ளி போதும். ஆயிரத்துச் சொச்சமாவது இடத்தில் பெயர் வருவதும் இடம் பெறுவதுதான். இளையோர் வெற்றி அந்தக் கட்டடத்துக்குள் நுழையவிடுகிறது என்பதே அந்த எண்ணிலிருந்து எடுக்கக்கூடிய முடிவு. எந்த மாடிவரை ஏற முடியும் என்பது அதில் இல்லை.

இந்திய நால்வருக்கு இதைப் பொருத்தினால் வழக்கமான ஒப்பாரி ஆட்டம் காண்கிறது. ரமேஷ் 1985 ஜனவரியில் 23ஆம் இடம்; பயஸ் 1998இல் 73; பாம்ப்ரி 2018இல் 83. மூத்த கிருஷ்ணன் காலத்தில் கணினித் தரவரிசையே கிடையாது, ஆனால் 1962 விம்பிள்டனில் அவருக்குக் கொடுக்கப்பட்ட வரிசை எண் 4. உலகின் முதல் நூறு பேரில் இடம்பிடித்த இந்தியர்களே மிகக் குறைவாக இருக்க, இளையோர் பட்டம் வென்ற நால்வரும் அந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். எனவே அவர்கள் வராமல் போனார்கள் என்பது பிழையான பேச்சு. வந்தார்கள். வந்துசேர எடுத்த காலம் ரமேஷுக்குப் பின் நீண்டது. வந்த இடத்தில் தங்கும் காலம் சுருங்கியது. விளக்கம் தேவைப்படுவது இதற்குத்தான்.

3. எதிர்த்திசையில் திறந்த கதவு

1954இல் வென்ற பையனுக்குத் 'தொழில்முறை ஆட்டம்' என்ற சொல் இன்று நாம் அறிந்த பொருளைத் தரவில்லை. விம்பிள்டன், மற்ற மூன்று பெரும் போட்டிகள், டேவிஸ் கோப்பை ஆகிய அனைத்தும் அமெச்சூர்களுக்கு மட்டும் உரியவை. தொழில்முறை என்பது ஜாக் கிரேமர் நடத்திய பயணக் குழு போன்ற ஓர் ஏற்பாடு. நாடக கம்பெனி மாதிரி ஊர் ஊராகப் போய், உள்ளரங்கில் தரை விரித்து, ஒரே எதிராளியோடு இரவுக்கு இரவு ஆடவேண்டும். கையில் காசு வரும். விம்பிள்டன் வாசல் அடைபடும், நாட்டுக்காக ஆடும் உரிமையும் போகும்.

கிரேமர் கிருஷ்ணனை அழைத்தார். கிருஷ்ணன் மறுத்தார். கூப்பர், 1958இல் விம்பிள்டனையும் ஆஸ்திரேலிய, அமெரிக்கப் பட்டங்களையும் வென்ற கையோடு, 1959இல் கிரேமர் குழுவில் சேர்ந்தார். ஐந்தாண்டுகளுக்கு முன் வலையின் இரு பக்கமும் நின்ற இருவருக்கும் முன்னால் ஒரே கதவு திறந்தது. ஒருவர் உள்ளே போனார், மற்றவர் வெளியே நின்றார்.

அந்த மறுப்பை எப்படிப் புரிந்துகொள்வது? வழக்கமாக அது தேசப்பற்றாகப் போற்றப்படுகிறது. அதற்கு ஆதாரமும் இருக்கிறது. 1966இல் கல்கத்தாவில் பிரேசிலுக்கு எதிரான டேவிஸ் கோப்பை ஆட்டத்தில், தோற்கும் நிலையிலிருந்து மீண்டு தாமஸ் கோச்சை வென்று இந்தியாவை இறுதிக்குக் கொண்டுபோனார். மெல்போர்னில் நடந்த இறுதியில் இந்தியா 1-4 எனத் தோற்றது. அந்த ஒரு வெற்றி, கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் இரட்டையரில் நியூகோம்ப், ரோச் இணையை வீழ்த்தியதால் கிடைத்தது. கிரேமரோடு போயிருந்தால் இவற்றில் எதுவும் இல்லை.

தேசப்பற்று என்ற சொல்லோடு விளக்கத்தை முடித்துக்கொள்ள எனக்கு மனமில்லை. அன்றைய அமெச்சூர் ஆட்டக்காரர் உண்மையில் வெறுங்கையோடு ஆடவில்லை. பயணச் செலவு, தங்குமிடம், மேசைக்கு அடியில் கைமாறும் படித்தொகை எல்லாம் அந்த உலகில் ஊரறிந்த ரகசியம். கிராண்ட் ஸ்லாம் மேடையை இழக்காமல் ஆட்டத்தைத் தொடர, இந்தியாவிலிருந்து போன ஒருவருக்கு அந்த ஏற்பாடே பாதுகாப்பான வழியாகவும் இருந்திருக்க வேண்டும். தந்தை டி.கே. ராமநாதனே பயிற்சியாளர்; குடும்பமே பயிற்சிக்கூடம். பயணக் குழு வாழ்க்கை அந்தக் குடும்ப அமைப்புக்குப் பொருந்திவந்திருக்குமா என்பது சந்தேகம். பற்றும் கணக்கும் ஒன்றையொன்று விலக்குவதில்லை.

1968 ஏப்ரலில் போர்ன்மத்தில் தொடங்கிய ஓப்பன் யுகம் அந்தச் சுவரை உடைத்தது. அந்த ஆண்டு விம்பிள்டன் வென்ற ராட் லேவருக்கு 2,000 பவுண்டு பரிசு. கிருஷ்ணனுக்கு அப்போது 31 வயது. இளையோர் பட்டத்துக்கும் தொழில்முறை ஆட்டத்துக்கும் நேரான பாதை போடப்பட்டபோது அவர் அதில் நடக்கும் வயதைக் கடந்திருந்தார்.

4. மரமட்டைக் காலத்தின் கடைசி மாணவன்

அந்த நேர்ப்பாதையில் நடந்தவர் மகன். ரமேஷ் இரண்டு இளையோர் பட்டங்களை வென்ற 1979இல் பாதை ஒழுங்காகவே போடப்பட்டிருந்தது. 1973 முதல் கணினித் தரவரிசை, உலகெங்கும் கிராண்ட் பிரீ போட்டிகள், வென்றால் புள்ளி, புள்ளி சேர்ந்தால் அடுத்த போட்டிக்கு நேரடி நுழைவு. யாரும் அழைக்கவேண்டியதில்லை, யாரிடமும் கேட்கவும் வேண்டியதில்லை. ஆஸ்திரேலியாவின் டேவிஸ் கோப்பை அணிகளை உருவாக்கிய ஹாரி ஹாப்மன் அமெரிக்காவில் நடத்திய முகாமில் பயிற்சி. வீட்டில், இரண்டு விம்பிள்டன் அரையிறுதிகளின் அனுபவம்.

விளைவும் சீக்கிரம் வந்தது. 1981இல், 20 வயதில், மணிலாவில் முதல் பட்டம். அதே ஆண்டு அமெரிக்க ஓப்பனில் கால்இறுதி, அங்கே மெக்கன்ரோவிடம் தோல்வி. இளையோர் பட்டத்திலிருந்து இரண்டே ஆண்டு. நால்வரில் மிகக் குறுகிய தூரம் இதுதான். பின்னர் 1986இல் விம்பிள்டன் கால்இறுதி, 1987இல் மீண்டும் அமெரிக்க ஓப்பன் கால்இறுதி, அதே ஆண்டில் சிட்னியில் வாலி மாசுரை வென்று இந்தியாவை டேவிஸ் கோப்பை இறுதிக்குக் கூட்டிச்சென்றது, 1989 ஆஸ்திரேலிய ஓப்பனில் அப்போதைய உலகின் முதல்நிலை ஆட்டக்காரர் மட்ஸ் விலாண்டரை வீழ்த்தியது. மொத்தம் எட்டு ஒற்றையர் பட்டங்கள்.

ஏன் 23ஐத் தாண்டவில்லை என்று கேட்டால், அவர் ஆட்டத்தைப் பார்த்த எவரும் முதலில் சர்வைத்தான் சொல்வார்கள். அவருடைய இரண்டாவது சர்வ் எதிராளிக்கு நீட்டிய தட்டு. பந்தை எழும்போதே எடுத்து, எதிராளியின் வேகத்தையே கடன் வாங்கி, கோணத்தில் திருப்பிவிடும் ஆட்டம் அவருடையது. மரமட்டையின் சிறிய முகத்தோடு வளர்ந்த கலை அது. 1980களின் தொடக்கத்தில் கிராஃபைட் மட்டை வந்தது; பந்தின் வேகமும் சுழலும் கூடின. இளையோர் மட்டத்தில் கைநுட்பத்தால் வென்ற ஒருவர், அந்த நுட்பத்துக்கு மதிப்பு குறைந்துகொண்டே போன பத்தாண்டுகளில் ஆடவராக ஆடவேண்டியிருந்தது.

இங்கே என் வாதத்துக்கே நான் தடை போடவேண்டும். அமைப்பு, வாசல், காலம் என்று எல்லாப் பழியையும் வெளியே சுமத்திவிட முடியாது. நால்வரில் மிகச் சிறந்த ஏற்பாடுகள் ரமேஷுக்கே வாய்த்தன. உச்சியை எட்ட அவை போதவில்லை. 17 வயதில் மறைந்திருக்கும் குறை 23 வயதில் மறையாது என்பதை எந்த அமைப்பாலும் மாற்ற முடியாது. மூன்று செட் இளையோர் ஆட்டத்தில் எதிராளி பொறுமையிழந்து பந்தை வெளியே அடித்துவிடுவான். ஐந்து செட் ஆடவர் ஆட்டத்தில் அவன் காத்திருப்பான், அதே மெல்லிய சர்வ் நூறாவது முறை வரும்வரை.

5. சென்னைப் பயிற்சியும் சாட்டிலைட் தொடரும்

கிருஷ்ணன்களுக்குக் குடும்பமே நிறுவனம். கல்கத்தாவில் பிறந்த பயஸுக்கு விளையாட்டுக் குடும்பம் இருந்தது. தந்தை வேஸ் 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற ஹாக்கி அணியில் ஆடியவர், தாய் ஜெனிஃபர் கூடைப்பந்து வீராங்கனை. ஆனால் டென்னிஸ் குடும்பம் இல்லை. அந்த இடத்தை நிரப்பியது 1985இல் சென்னையில் பிரிட்டானியா நிறுவனத்தின் ஆதரவோடு அமிர்தராஜ் குடும்பத்தினர் தொடங்கிய பயிற்சித் திட்டம். பையன்களைத் தேர்ந்தெடுத்து, தங்கவைத்து, படிக்கவைத்து, ஆடவைத்த திட்டம். டேவ் ஓமேரா பயிற்சியாளர். இந்தியாவில் ஓர் இளையோர் சாம்பியனைக் குடும்பத்துக்கு வெளியே ஓர் அமைப்பு உருவாக்க முடியும் என்பதை 1990 விம்பிள்டன் காட்டியது.

ஆனால் அந்தத் திட்டத்தின் வேலை இளையோர் பட்டத்தோடு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகான ஆண்டுகளுக்கு அப்படியோர் ஏற்பாடு இல்லை. அன்றைய கீழ்ப்படி 'சாட்டிலைட்' தொடர்கள். ஒரு நாட்டுக்குள் சில வாரங்கள் ஊர் மாறி ஊர் ஆடி, கடைசி வாரம் மாஸ்டர்ஸ் போட்டிக்குத் தேறவேண்டும். புள்ளிகள் தொடர் முடிந்த பிறகே, மொத்தக் கணக்கில் வரும். முதல் வாரம் வென்று மூன்றாம் வாரம் காய்ச்சலில் படுத்தால் ஒரு மாத உழைப்பும் செலவும் கிட்டத்தட்ட வீண். விம்பிள்டன் இளையோர் கோப்பையை வீட்டில் வைத்துவிட்டு வந்தவருக்கும் இதே சட்டம்தான்.

பயஸ் 73ஐத் தொட்டது 1998இல், இரண்டாவது இளையோர் பட்டத்துக்கு ஏழாண்டு கழித்து. அதே ஆண்டு நியூபோர்ட்டில் ஒற்றையர் பட்டம். நியூ ஹேவனில் சாம்பிராஸை வீழ்த்தினார். நியூபோர்ட் போட்டி புல்தரையில் நடப்பது. அவருடைய பாய்ச்சலும் வாலியும் அந்தத் தரைக்கே உரியவை. ஆண்டில் புல்தரை வாரங்களோ சொற்பம்.

இடையில், 1996 அட்லாண்டாவில் ஒலிம்பிக் வெண்கலம். 1952இல் கே.டி. ஜாதவுக்குப் பிறகு ஓர் இந்தியர் பெற்ற முதல் தனிநபர் பதக்கம். 1999இல் மகேஷ் பூபதியோடு பிரெஞ்சு ஓப்பன், விம்பிள்டன் இரட்டையர் பட்டங்கள். ஆடவர் இரட்டையரில் 8, கலப்பு இரட்டையரில் 10 என மொத்தம் 18 கிராண்ட் ஸ்லாம் பட்டங்களோடு முடிந்த வாழ்வு அது.

இதை ஒற்றையரிலிருந்து தப்பியோடியதாகப் பார்ப்பவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. ஒற்றையரில் எழுபதாவது இடம் என்றால் வாரத்துக்கு வாரம் முதல் சுற்று நிச்சயமின்மை. இரட்டையரில் அவருடைய வலையோரக் கை உலகின் முதல் வரிசையில் இருந்தது. ஒரு கைவினைஞர் தன் சரக்கு எந்தச் சந்தையில் விலைபோகும் என்று பார்த்து அங்கே கடை போட்டார், அவ்வளவுதான். ஆனால் பயஸின் வெற்றி இந்திய டென்னிஸுக்கு ஒரு வழக்கத்தையும் விட்டுச்சென்றது: ஒற்றையர் ஏணி முறியும் இடத்தில் இரட்டையர் ஏணியைச் சாய்த்துக்கொள்வது.

6. எண்பத்து மூன்று

2009 ஜனவரியில் மெல்போர்னில் யூகி பாம்ப்ரி ஜெர்மனியின் ஜார்ஜோடாஸை 6-3, 6-1 என வென்றபோது வயது 16. இளையோர் தரவரிசையில் முதலிடம். டெல்லிப் பையன். சாட்டிலைட் முறை ஒழிந்து, 1998 முதல் வாராவாரம் புள்ளி தரும் 'ஃப்யூச்சர்ஸ்' போட்டிகள் வந்திருந்தன. அவற்றுக்கு மேலே சாலஞ்சர், அதற்கும் மேலே ஏடிபி. படிகள் முன்பைவிடத் தெளிவாக இருந்தன. ஆனால் அந்தப் படிக்கட்டில் கூட்டம் நெரிந்தது.

2013ஆம் ஆண்டுத் தரவுகளை வைத்து சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு நடத்திய ஆய்வு இந்த நெரிசலை எண்களில் காட்டியது. ஓர் ஆடவர் முதல் தரவரிசைப் புள்ளியிலிருந்து முதல் நூறுக்குள் வர 2000இல் சராசரியாக 3.7 ஆண்டுகள் ஆயின, 2013இல் 4.8. பயணம், தங்கல், சாப்பாட்டுச் செலவும் பரிசுப் பணமும் சமமாகும் இடம் ஆடவரில் ஏறத்தாழ 336ஆம் தரவரிசை. பயிற்சியாளர் சம்பளம் இந்தக் கணக்கில் கிடையாது. ஒரு தொழிலில் உலகின் 336ஆவது சிறந்தவராக இருந்தும் கையைக் கடிக்காமல் மட்டுமே வாழ முடியும் என்றால், 17 வயதில் கோப்பை வாங்கியவரின் அடுத்த ஐந்தாண்டுகளுக்கு யார் பணம் கட்டுவது என்பது பக்கக் கேள்வியாக இருக்க முடியாது. ஐரோப்பிய ஆட்டக்காரர் ரயிலேறி அடுத்த வாரப் போட்டிக்குப் போய்விடுவார். இந்தியாவில் போட்டி இல்லாத வாரங்களில் இங்கிருந்து போகிறவர் விமானச்சீட்டோடும் விசாவோடும் ஒவ்வொரு வாரத்தையும் தொடங்கவேண்டும்.

பாம்ப்ரி முதல் நூறுக்குள் நுழைந்தது 2015இல், பட்டத்துக்கு ஆறாண்டு கழித்து. உடனே முழங்கைக் காயம். திரும்பி வந்து 2017இல் வாஷிங்டனில் கேல் மான்ஃபில்ஸை வென்றார். 2018 ஏப்ரலில் 83. அந்த ஆண்டு ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓப்பன் தகுதிச் சுற்றுகளைத் தாண்டி முதன்மைச் சுற்றில் ஆடினார். எதிரே மார்கஸ் பாக்தாடிஸ். 2003 இளையோர் சாம்பியனும் 2009 இளையோர் சாம்பியனும் அதே மைதானத்தில் மோதிய முதல் சுற்று ஆட்டம் அது. பாக்தாடிஸ் மூன்று செட்டில் வென்றார். முதல் சுற்றில் தோற்றவருக்கான பரிசு 60,000 ஆஸ்திரேலிய டாலர். முதல் நூறு என்ற எண்ணின் பொருளாதாரம் இந்தத் தொகையில் இருக்கிறது. நூறுக்குள் இருந்தால் ஆண்டுக்கு நான்கு முறை இப்படி நேரடியாகத் தோற்கலாம். அந்தப் பணத்தில் ஒரு பயிற்சியாளரையும் உடற்பயிற்சி நிபுணரையும் உடன் கூட்டிக்கொண்டு போகலாம். நூற்றுப்பத்தில் இருந்தால் தகுதிச் சுற்றில் மூன்று ஆட்டங்களை வென்ற பிறகே அந்தப் பேச்சு. அதே ஆண்டில் முழங்கால் போயிற்று. இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக மைதானத்துக்கே வர முடியவில்லை.

நால்வரில் பாம்ப்ரிக்கு மட்டும் அதிர்ஷ்டம் இல்லை என்று முடிப்பது எளிது. ஆனால் காயத்தை வெறும் விதியாகப் பார்க்க முடியுமா? எட்டாண்டுகள் கீழ்ப்படிகளில், கான்கிரீட் மேல் பூசிய தரைகளில், கூடவே மருத்துவ உதவியாளர் இல்லாமல், புள்ளி போய்விடுமே என்று வலியோடும் ஆடுவது இந்தப் படிக்கட்டின் பொது நடைமுறை. ஒருவருடைய முழங்காலுக்கு அதுவே காரணம் என்று நான் சொல்லத் துணியமாட்டேன். ஆனால் அந்த உயரத்தில் நின்றவர் பாம்ப்ரி மட்டுமல்ல. தைவானின் செங் சுன்-சின் 2018இல் பிரெஞ்சு, விம்பிள்டன் இரு இளையோர் பட்டங்களையும் வென்றவர். இரவுச் சந்தையில் பழமிட்டாய் விற்றவர் மகன். அவருடைய உச்சமும் 83தான், 2022இல். எண் ஒத்துப்போவது தற்செயல். உச்சிக்குச் சற்றுக் கீழே, நூறின் விளிம்பில் பல இளையோர் சாம்பியன்கள் தேங்கி நிற்பது தற்செயல் என்று தோன்றவில்லை.

7. தோற்றவர்கள்

கூப்பரில் தொடங்கிய கேள்விக்குத் திரும்பலாம். இந்தியர் வென்ற ஆறு இளையோர் இறுதிப் போட்டிகளிலும் எதிர்ப்பக்கம் நின்றவர்களைத் தேடினேன். 1979 பிரெஞ்சு இறுதியில் ரமேஷிடம் தோற்ற பென் டெஸ்டர்மன் 1984 ஆஸ்திரேலிய ஓப்பன் அரையிறுதிவரை போனார். ரமேஷ் கிராண்ட் ஸ்லாம் அரையிறுதியைக் காணவில்லை, ஆட்ட வாழ்வு முழுவதையும் நிறுத்துப் பார்த்தால் அவரே கனமானவர் என்றாலும். 1990 விம்பிள்டனில் பயஸிடம் தோற்ற தென்னாப்பிரிக்காவின் மார்கோஸ் ஒண்ட்ருஸ்கா ஒற்றையரில் 27ஆம் இடம்வரை ஏறினார். 1991 அமெரிக்க ஓப்பனில் தோற்ற மொராக்கோவின் கரீம் அலாமி 25. வென்ற பயஸ் 73. மீதி இருவர், 1979 விம்பிள்டனில் தோற்ற சீக்லரும் 2009இன் ஜார்ஜோடாஸும், மேலே வரவில்லை.

இதை விதியாக்கிவிடக் கூடாது. 1998இல் ஃபெடரரிடம் தோற்ற இராக்லி லாபாட்ஸே ஃபெடரராகவில்லை. ஆனால் 2013இல் குவின்சியிடம் விம்பிள்டன் இறுதியில் தோற்ற கொரியாவின் சுங் ஹியோன், 2018இல் ஜோகோவிச்சை வென்று ஆஸ்திரேலிய ஓப்பன் அரையிறுதிக்குப் போனார். பதினேழு வயது இருவர் ஓர் ஆட்டம் ஆடியதில் ஒருவர் வென்றார் என்ற செய்தியில் தகவல் எவ்வளவு குறைவு என்பதற்கு இது அளவுகோல். அன்று பிற்பகல் அந்த இருவருக்கும் இடையே இருந்தது இரண்டு மூன்று பந்துகளின் வேறுபாடு. மறுநாள் பத்திரிகை அதை ஒரு நாட்டின் எதிர்காலமாக்கிவிடுகிறது.

கல்லூரி வழியாக வந்தவர்களிடமும் இதே கதை. சென்னையில் வளர்ந்த சோம்தேவ் தேவ்வர்மன் இளையோர் கிராண்ட் ஸ்லாம் எதையும் வெல்லவில்லை. அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக ஆடி 2007, 2008 இரு ஆண்டுகளும் கல்லூரிகளின் தேசிய ஒற்றையர் பட்டத்தை வென்றார். படிப்புதவியோடு, மருத்துவரோடு, பயிற்சியாளரோடு, செலவில்லாமல் நான்கு ஆண்டுகள். 2011இல் அவர் 62ஆம் இடத்தைத் தொட்டார். பயஸையும் பாம்ப்ரியையும்விட உயரம். 2021 விம்பிள்டன் இளையோர் சாம்பியன், இந்திய வம்சாவளி அமெரிக்கரான சமீர் பானர்ஜி, பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டே ஸ்டான்ஃபோர்டில் சேர்ந்தார். இடைப்பட்ட ஆண்டுகளுக்கு யார் பணம் கட்டுவது என்ற கேள்விக்கு இது ஒரு நாட்டின் பதில். சோம்தேவ் 2007 இறுதியில் வென்றது யாரை என்று பார்த்தால், 208 சென்டிமீட்டர் உயர ஜான் ஐஸ்னரை. ஐஸ்னர் பின்னாளில் எட்டாம் இடம்வரை போனார்.

இப்போது சில திருத்தங்கள் வந்திருக்கின்றன. ஆண்டு முடிவில் இளையோர் தரவரிசையின் முதல் 20 பேருக்குச் சாலஞ்சர் போட்டிகளில் எட்டு வரை நுழைவுகள் ஒதுக்கும் திட்டம் 2023 முதல் நடைமுறையில் உள்ளது. சாட்டிலைட் காலத்தோடு ஒப்பிட்டால் பெரிய சலுகை. எட்டு வாரம் என்பது ஓர் ஆண்டின் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. நுழைவோடு விமானச்சீட்டும் வருவதில்லை.

பாம்ப்ரி முழங்கால் தேறித் திரும்பினார். ஒற்றையரை மெல்லக் கைவிட்டார். 2023இல் மயோர்காவில் இரட்டையர் பட்டம், 2024இல் மியூனிக்கில் இன்னொன்று. 2025 செப்டம்பரில், 33 வயதில், நியூஸிலாந்தின் மைக்கேல் வீனஸோடு அமெரிக்க ஓப்பன் ஆடவர் இரட்டையர் அரையிறுதியில் ஆடினார். மெல்போர்னில் இளையோர் கோப்பையைத் தூக்கிய நாளிலிருந்து பதினாறு ஆண்டுகளும் ஏழு மாதங்களும் கழிந்திருந்தன. கிராண்ட் ஸ்லாம் ஒன்றில் அதுவே அவருக்கு முதல் அரையிறுதி.